தோடு

வெள்ளிச்சந்தை தாண்டி, பாலக்கோடு ரோட்டில்
சிமெண்ட் ஷீட் வேய்ந்த ஷெட்.
லாரி நுழைவதற்கு முன்னால் அதன் வாசம் நுழையும்.
கடலைத் தோடு என்றால் வறுத்த மண்.
புளியந்தோடு என்றால் நாக்கோரம் கூசும்.
மல்பெரிக் குச்சிக்கு வாசமே கிடையாது,
புழு தின்று முடித்த பாக்கி அது.

எடை போடுவதும் ஈரம் பார்ப்பதும் என் வேலை.
மீட்டர் இருக்கிறது, பேட்டரி இல்லை.
ஒரு கை அள்ளிக் காதோரம் வைத்து நெரிப்பேன்.
சரசரத்தால் இறக்கு.
முனகினால் களத்தில் கொட்டு, நாளைக்குப் பார்க்கலாம்.
ஈரத்தைத் தெரியாமல் உள்ளே விட்டால்
ஆவி அடைத்து மிஷின் துப்பாக்கி மாதிரி வெடிக்கும்.
பங்குனியில் சென்றாயன் புருவம் போனது அப்படித்தான்.
இரண்டு மாதம் மை தீட்டிக்கொண்டு வந்தான்.

குத்து விழும். மறுபடி குத்து விழும்.
பசை இல்லை, வெல்லப்பாகு இல்லை, சாணி இல்லை.
நெருக்கின சூட்டில் தோடே கசிந்து
தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது.
குழாய் வாயில் பழுப்பாக, கைகொள்ளாத கனத்தில்
உடைந்து உடைந்து விழுகிறது.
இதற்கு வெள்ளைக்கரி என்று பெயர்.
பில்லில் அப்படித்தான் எழுதுகிறேன்.
பட்டு நூற்கிற பாய்லர் எல்லாம்
இப்போது இதைத்தான் தின்கிறது.

ஒரு லோடு தோடு நாலரை டன்.
என் தோடு இரண்டு கிராம்,
கூட்டுறவு பாங்கில் மூன்றாம் வருடமாகத் தூங்குகிறது.

போன தையில் குள்ளம்மா சாக்கோடு வந்தாள்.
களியடுப்புக்குத் தோடு வேண்டுமாம்,
முன்பு மில்காரர் சும்மா கொடுப்பாராம்.
சும்மா இருந்தவரை அது குப்பை.
இப்போது கிலோ ஐந்து ரூபாய்.
அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.
சாக்கை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு
மலைப் பக்கம் நடந்தாள்.

அந்தப் பக்கம் எனக்குத் தெரியும்.
பஞ்சப்பள்ளிக் காட்டில் ஒன்பது வருடம் சுள்ளி வெட்டினேன்.
வாட்சர் திம்மராயன் என்னிடம் பிடுங்கிய கொடுவாள் மூன்று.
முதல் இரண்டுக்கு அழுதேன்.
மூன்றாவது கடன் வாங்கினது.

அதே திம்மராயன் போன வாரம்
டிவிஎஸ்ஸை நிறுத்திவிட்டு ஷெட்டுக்குள் வந்தார்.
மகளுக்குக் கல்யாணம்.
இருநூறு கிலோ கட்டை.
விறகுக்கு எங்கே போவேன், பார்க்கிறவன் சும்மா இருப்பானா என்றார்
தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு.
காட்டில் என் பெயர் அவருக்குத் தெரியாது,
ஏய் என்றுதான் கூப்பிடுவார்.
பில்லுக்குக் கீழே எழுதினேன்: மாதம்மாள்.
மெதுவாகப் படித்தார்.

இருநூற்று நாலு காட்டியது.
நாலு கிலோவுக்கும் காசு வாங்கினேன்.
கொடுவாள் என்னாச்சுங்க என்று கேட்டேன்.
எது?
மூணு.
வண்டியை உதைத்தார், மூன்றாம் உதையில்தான் பிடித்தது.

நேற்று காலை தராசுத் தட்டில் ஒன்று கிடந்தது.
காகிதம் சுற்றி, சணல் கட்டி.
யார் வைத்தார் என்று சென்றாயனுக்குத் தெரியவில்லை.
பிரித்தேன்.
வாய் தேய்ந்திருந்தது, ஓரமெல்லாம் துரு.
பிடியில் பச்சைச் சேலைக் கிழிசல்
இறுக்கிச் சுற்றி, மஞ்சள் நூலால் தைத்திருந்தது.

நான் பிடியில் துணி சுற்றினதே இல்லை.

சாக்குக் கட்டு அறுக்க ஆகும் என்று
சென்றாயன் கை நீட்டினான்.
கொடுக்கவில்லை.
தராசுக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறேன்,
சாக்கோடு வருகிறவர்களின் கண்ணில் படுகிற மாதிரி.

லாரி வருகிறது.
புளியந்தோடு.